பூனை ஏன் ஓயாமல் கத்துகிறது? திட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

விடியற்காலை 3 மணி. மேருவில் ஒரு வரிசை வீடு. 5 மணிக்கு எழுந்து தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் நல்ல உறக்கத்தில் இருக்கிறார். அறைக் கதவுக்கு வெளியே பூனை கத்தத் தொடங்குகிறது. எழுந்து வந்து அதட்டினால் நிறுத்துகிறது. படுத்ததும் மறுபடியும் ஆரம்பிக்கிறது. வேறு வழியில்லாமல் கிண்ணத்தில் ஒரு பிடி பூனை பிஸ்கட்டைக் கொட்டிவிட்டுப் போய்ப் படுக்கிறார். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, "அக்கா, ராத்திரி உங்க பூனை தூங்கவே விடல" என்கிறார்.

கிள்ளான் வட்டாரத்தில் பூனை வளர்க்கும் பல குடும்பங்களுக்கு இது பழகிப்போன கதை. சில வீடுகளில் இது மனத்தாங்கலோடு நின்றுவிடுகிறது. வேறு சில வீடுகளிலோ பூனையை அட்டைப் பெட்டியில் போட்டு, சந்தைப் பக்கமோ உணவுக்கடைப் பக்கமோ விட்டுவிட்டு வருவதில் முடிகிறது. பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்ற பழைய நம்பிக்கையும் இதற்குத் துணை போகிறது.

பூனை காரணமில்லாமல் கத்துவதில்லை. அந்தக் காரணத்தைத் தேட ஒரு வரிசை உண்டு. முதலில் நோய், அடுத்து இனச்சேர்க்கைப் பருவம், கடைசியாகப் பழக்கம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 'கெட்ட பழக்கம்' என்று முதலில் அடிக்கிறோம். நோய் என்பது கடைசியில்தான் தெரிய வருகிறது. சில வேளைகளில் அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

மியாவ் என்பது மனிதருக்கான மொழி

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதிகமாக 'மியாவ்' சொல்லிக்கொள்வதில்லை. வாசனை, வாலின் அசைவு, காதின் நிலை, உடலை உரசுதல் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் பேசிக்கொள்கின்றன. சண்டையின்போது சீறும், உறுமும். இணை தேடும்போது நீளமாக ஓலமிடும். 'மியாவ்' என்பது குட்டி தன் தாயை அழைக்கும் சத்தம். காட்டில் வாழும் பூனை வளர்ந்ததும் இதைக் கிட்டத்தட்ட விட்டுவிடும். மனிதரோடு வாழும் பூனை மட்டும் அதை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டு நம்மிடம் பயன்படுத்துகிறது.

1944-ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் மோல்க் என்ற ஆய்வாளர் வீட்டுப் பூனையின் சத்தங்களை 16 வகையாகப் பிரித்து எழுதினார். 2009-இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்ப் குழுவினர் இன்னொன்றைக் கண்டறிந்தனர். உணவு கேட்கும்போது சில பூனைகள் தங்கள் 'குர்ர்' சத்தத்துக்குள் அழுகை போன்ற உயர்ந்த ஒலி ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றன. பூனை வளர்த்தே அறியாதவர்கள்கூட அந்தச் சத்தத்தை அவசரமானதாக உணர்ந்தார்கள். நம்மை எழுப்புவதற்கு எந்தச் சத்தம் உதவும் என்பதைப் பூனை பழகித் தெரிந்துகொள்கிறது.

நம் வாழ்க்கை மாறியதும் இதில் சேர்ந்துகொண்டது. தோட்டத்து லயன் வீடுகளில் பூனை எலிக்காக வளர்ந்தது. கதவு திறந்தே கிடக்கும். அது விரும்பிய நேரத்தில் வரும், போகும். மரத்தடியில் படுக்கும், புதரில் வேட்டையாடும். நம்மிடம் கேட்க வேண்டியது அதற்கு அதிகம் இல்லை. இன்று தாமான் வீட்டிலும் அடுக்குமாடியிலும் கதவு, உணவு, விளையாட்டு என எல்லாமே நம் கையில் இருக்கின்றன. வெளியே வாகனமும் நாயும் இருப்பதால் பூனையை உள்ளே வைத்திருப்பது சரிதான். ஆனால், உள்ளே இருக்கும் பூனை ஒவ்வொன்றையும் வாய் திறந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு கத்தினால் அதிகம்?

இதற்குப் பொதுவான அளவு கிடையாது. சியாமீஸ் போன்ற இனங்கள் இயல்பிலேயே வாயாடிகள். சில பூனைகள் நாள் முழுவதும் நான்கு முறைகூடக் கத்தாது. எனவே, உங்கள் பூனையை அதன் வழக்கத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அமைதியான பூனை திடீரென்று கத்தத் தொடங்கினாலோ, எப்போதும் கத்தும் பூனை திடீரென்று அடங்கிப்போனாலோ அந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

சத்தத்தின் வகையும் ஓரளவு உதவும்.

- குட்டையான ஒற்றை மியாவ்: வரவேற்பு, அல்லது 'இங்கே பார்'.
- அடுத்தடுத்து வரும் மியாவ்: உணவு, கதவு, கவனம் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று வேண்டும்.
- தாழ்ந்த குரலில் இழுத்துக் கத்துவது: எரிச்சல், பயம், அல்லது வலி.
- குழந்தை அழுவதுபோல நீண்ட ஓலம்: இனச்சேர்க்கைப் பருவம், கடுவன்களின் சண்டை, முதுமைக் குழப்பம், அல்லது கடும் வலி.
- சுவரில் பல்லியைப் பார்த்து வாய் படபடப்பது: வேட்டை ஆசை. கவலை வேண்டாம்.

மூன்று நாளைக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குக் கத்தியது, எந்த இடத்தில் நின்று கத்தியது, எதைச் செய்ததும் நின்றது என்ற மூன்று விவரம் போதும். கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளியும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போனதும் பல பூனைகள் வாயே திறக்காது. அந்தக் காணொளிதான் அங்கே பேசும். ஆனால், கீழே சொல்லும் அவசர அறிகுறிகள் தெரிந்தால் இந்த மூன்று நாள் கணக்கு வேண்டாம்.

விடியும் வரை காத்திருக்கக் கூடாத கத்தல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கடுவன் பூனை மணல் தட்டுக்கு அடிக்கடி போய் உட்காருகிறது. முக்குகிறது. சிறுநீர் வரவில்லை, அல்லது ஓரிரு சொட்டு மட்டும் இரத்தம் கலந்து வருகிறது. அப்போது கத்துகிறது. பின்பக்கத்தை விடாமல் நக்குகிறது. பிறகு சாப்பிடாமல், வாந்தி எடுத்து, ஒரு மூலையில் சுருண்டுவிடுகிறது.

இது சிறுநீர்ப் பாதை அடைப்பு. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அதை அடைத்துவிடும். வீட்டுக்குள்ளேயே இருந்து, உலர்ந்த பிஸ்கட்டை மட்டும் தின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, உடல் பெருத்த கடுவன்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சிறுநீர் வெளியேறாவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளிலேயே பூனை இறந்துபோகலாம்.

பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் கொடுத்துப் பார்க்கிறார்கள். 'மணல் தட்டில் அட்டகாசம் செய்கிறது' என்று அடிப்பவர்களும் உண்டு. வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இதற்கு எதுவும் இல்லை. வயிற்றை அமுக்கவும் கூடாது. மருத்துவர் குழாய் செலுத்தித்தான் அடைப்பை எடுக்க வேண்டும். நள்ளிரவானாலும் 24 மணி நேர கால்நடை கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். உங்கள் வட்டாரத்தில் எந்த கிளினிக் இரவில் திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். சிறப்புச் சிகிச்சை தேவைப்பட்டால் செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

மூச்சுத் திணறலோடு வாயைத் திறந்து கத்துவது, பின்னங்கால்கள் திடீரென்று இழுபட்டு ஓலமிடுவது, அடிபட்ட பிறகு கத்துவது ஆகியவையும் உடனே கவனிக்க வேண்டியவை.

வலியில் கத்துகிறதே என்று நமக்கு வாங்கி வைத்திருக்கும் பாராசிட்டமோல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும். தலைவலித் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் போன்றவற்றைத் தடவுவதும் நஞ்சுதான். நக்கியே அதை உள்ளே இறக்கிவிடும்.

வயதான பூனை இரவில் ஓலமிட்டால்

10 வயதைத் தாண்டிய பூனை புதிதாக இரவில் கத்தத் தொடங்கினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிட வேண்டாம். பின்னால் பெரும்பாலும் ஒரு நோய் இருக்கும். அவற்றுள் பல சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை.

தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வது ஒன்று. பூனை நிறையச் சாப்பிடும், ஆனால் மெலியும். அமைதியின்றி அலையும், இரவில் கத்தும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். சிறுநீரகக் கோளாறு இன்னொன்று. தண்ணீர் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் கழிக்கும். இவ்விரண்டோடும் இரத்த அழுத்தம் உயரக்கூடும். அழுத்தம் மிகுந்தால் விழித்திரை கழன்று ஒரே நாளில் பார்வை போய்விடக்கூடும். விரிந்த கருவிழிகளோடு சுவரில் முட்டி நின்று கத்தும் கிழட்டுப் பூனைக்குக் கண் தெரியாமல் போயிருக்கலாம். காது கேட்காத பூனையும் தன் குரல் தனக்கே தெரியாமல் உரக்கக் கத்தும். மூட்டு வலியும் பல் வலியும் கத்த வைக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் மூளையின் முதுமையை நினைக்க வேண்டும். மனிதருக்கு வரும் மறதி நோயைப் போன்றது இது. 11 முதல் 14 வயதுள்ள பூனைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேலும், 15 வயதைக் கடந்தவற்றில் சுமார் பாதியும் இதற்கான ஏதாவது ஓர் அறிகுறியைக் காட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் நின்று கத்தும். இரவில் ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். உணவு, தண்ணீர், மணல் தட்டு மூன்றையும் அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். கத்தும்போது மெல்லக் குரல் கொடுத்தால் பல கிழட்டுப் பூனைகள் அடங்கிவிடும். பழக்கத்தால் கத்தும் இளம் பூனைக்குச் சொல்லப்படும் 'கண்டுகொள்ளாதே' என்ற ஆலோசனை இவற்றுக்குப் பொருந்தாது.

நம் நாட்டில் பருவம் ஆண்டு முழுவதும்

இளம் பெட்டைப் பூனை தரையில் உருளுகிறது. பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒதுக்குகிறது. கண்ட இடத்தில் உரசுகிறது. இரவும் பகலும் ஓலமிடுகிறது. முதன்முறை பார்ப்பவர்கள் வயிற்று வலி என்று பயந்துவிடுவார்கள். இது இனச்சேர்க்கைப் பருவம். நான்கு முதல் ஆறு மாதக் குட்டிக்கே இது தொடங்கிவிடலாம். ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் வரும்.

பூனையின் பருவத்தைத் தூண்டுவது பகல் வெளிச்சத்தின் நீளம். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் இந்தக் கத்தல் ஓய்ந்துவிடும். மலேசியா நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஆகவே, இங்கே பூனைக்கு ஓய்வுக் காலமே இல்லை. வீட்டுக்குள் ஒரு பெட்டை கத்தினால் வெளியே மூன்று கடுவன்கள் வந்து நிற்கும். அவை போடும் சண்டை தெருவையே எழுப்பிவிடும்.

இதை அதட்டலும் உணவும் தீர்க்காது. கருத்தடை அறுவைதான் தீர்வு. பெட்டைக்குப் பருவக் கத்தல் நின்றுவிடும். கடுவனுக்கு அலைச்சலும் சண்டையும் மூத்திரம் பீய்ச்சுவதும் பெருமளவு குறையும். 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. இரண்டு மாதச் சினைக்குப் பிறகு நான்கைந்து குட்டிகள் பிறந்து, அவற்றுக்கு வீடு கிடைக்காமல் போவதுதான் மிச்சம். மனிதருக்கான கருத்தடை மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. செலவைப் பற்றிக் கவலைப்படுவோர் அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தை அணுகிக் குறைந்த கட்டண அறுவை பற்றிக் கேட்கலாம்.

நாமே கற்றுக்கொடுக்கும் கத்தல்

நோயும் இல்லை, அறுவையும் ஆகிவிட்டது. இன்னும் 3 மணிக்குக் கத்துகிறது என்றால் நம் பக்கம் பார்க்க வேண்டும். முதலில் சொன்ன வீட்டை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் கத்தியது, பிஸ்கட் விழுந்தது. பத்து நிமிடம் கத்த வேண்டும் என்று பூனை கற்றுக்கொண்டது. எழுந்து வந்து திட்டுவதும் அதற்கு ஒரு பரிசுதான். ஆள் எழுந்து வந்துவிட்டாரே!

பூனை விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, பகல் முழுவதும் தூங்கிவிட்டு இரவில் விழிக்கிறது. இதை மாற்ற இவற்றைச் செய்யலாம்.

1. மாலையில் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை, 10 முதல் 15 நிமிடம் விளையாடுங்கள். குச்சியில் கட்டிய கயிறும் கசக்கிய காகிதப் பந்தும் போதும். விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலை அறுக்கும்.

2. விளையாட்டு முடிந்த உடனே நாளின் கடைசி உணவைக் கொடுங்கள். வேட்டையாடு, சாப்பிடு, நக்கிச் சுத்தம் செய், தூங்கு என்பதே பூனையின் இயல்பான ஒழுங்கு.

3. ஒரே நாளின் உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்து, நேரம் தவறாமல் கொடுங்கள். கத்தும்போது கொடுக்காதீர்கள். வாய் மூடிய சில நொடிகள் கழித்துக் கொடுங்கள். விடியற்காலை உணவுக்கு, நேரம் வைத்தால் தானே திறக்கும் கிண்ணம் உதவும். அப்போது பூனை உங்கள் கதவை விட்டுவிட்டுக் கிண்ணத்தின் முன் காத்திருக்கும்.

4. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நீங்கள் உறுதியாக இருக்க, பாட்டி பாவம் பார்த்துச் சமையலறையில் ஒரு துண்டு கெம்போங் மீனைப் போட்டால் அத்தனையும் வீண்.

5. கண்டுகொள்ளாமல் விட்டால் முதல் சில நாள்கள் கத்தல் கூடும். இது இயல்பு. அந்த நேரத்தில் பொறுமை இழந்து எழுந்துவிட்டால், 'இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும்' என்று பாடம் நடத்தியதாகிவிடும். ஓரிரு வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

6. மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது. அழுக்குத் தட்டுக்கு முன்னால் நின்று கத்தும் பூனை நியாயமான புகாரைத்தான் சொல்கிறது.

7. ஜன்னலோரம் ஏறி உட்கார ஓர் இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி, நகம் கீற ஒரு கட்டை. பகல் நேரச் சலிப்பு இவற்றாலேயே பாதி குறையும்.

அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, குளியலறையில் அடைப்பது எதுவும் வேண்டாம். பயந்த பூனை இன்னும் அதிகம் கத்தும்.

வீடு மாறியிருந்தால், புதிய பூனையோ கைக்குழந்தையோ வந்திருந்தால், கூட இருந்த பூனை இறந்திருந்தால், சில வாரம் கத்துவது சகஜம். புது வீட்டில் முதலில் ஓர் அறையை மட்டும் கொடுத்து, பழைய துணியையும் போட்டு வைத்து, மெல்லப் பழக்குங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் பட்டாசுச் சத்தம் கேட்குமுன்னே உள்ளே அழைத்து, ஜன்னலைச் சாத்தி, ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிடுங்கள்.

வெளியே குட்டி கத்தினால்

சாக்கடையோரம் குட்டி கத்தும் சத்தம் கேட்டதும் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் உணவு தேடிப் போயிருக்கலாம். ஆபத்தான இடமாக இல்லாவிட்டால் தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். தாய் வரவேயில்லை என்றால் முதலில் வேண்டியது கதகதப்பு. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வையுங்கள். பசும்பாலோ டின் பாலோ கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவே சரி. கார் பக்கம் சத்தம் கேட்டால் இயந்திரத்தை முடுக்குமுன் முன்மூடியைத் தட்டிப் பாருங்கள். குளிர்ந்த இரவிலும் மழையிலும் குட்டிகள் அங்கேதான் ஏறும்.

அண்டை வீடும் சட்டமும்

சத்தத்தால் அவதிப்படுபவர் நீங்கள் என்றால் முதலில் பூனைக்காரரிடம் பேசுங்கள். பகலில் வேலைக்குப் போகிறவருக்கு, தாம் இல்லாத நேரத்தில் பூனை கத்துவதே தெரியாமல் இருக்கலாம். யாருக்கும் சொந்தமில்லாத தெருப் பூனைகள் என்றால், பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவதே பலன் தரும். காது நுனி வெட்டப்பட்ட தெருப் பூனை ஏற்கெனவே அறுவை செய்யப்பட்டது என்பதற்கு அடையாளம்.

சுடுநீர் ஊற்றுவது, விஷம் வைப்பது, கல்லெறிவது குற்றம். 2015-ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. வதைக் குற்றத்துக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் அல்ல. 2018 செப்டம்பரில் தாமான் கோம்பாக் ரியாவில் உள்ள சலவைக் கடையில் சினைப் பூனை ஒன்றைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்ற வழக்கில், ஒருவருக்கு 2019-இல் 34 மாதச் சிறையும் 40,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. வளர்ப்பவருக்கும் அதே சட்டம் கடமை வைத்திருக்கிறது. பிராணியின் தேவைகளை நிறைவேற்றுவது உரிமையாளரின் பொறுப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து குறை சொன்னால் கோபப்படாதீர்கள். 'நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுறேன், ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க' என்று சொல்லுங்கள். பிறகு மணல் தட்டைப் பாருங்கள், பூனையின் வயதைக் கணக்கிடுங்கள், அறுவை ஆகியிருக்கிறதா என்று யோசியுங்கள். இன்றிரவு 3 மணிக்குப் பிஸ்கட் டின்னைத் திறக்காமல் இருப்பது அதற்குப் பிறகுதான்.